சுருங்குறித்தொடர்களும் மின்பாட ஆய்வும்

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடர்கள் மின்பாடங்களில் சொற்களைப் பிரித்தெடுக்கவும் மாற்றவும் பயன்படுகின்றன. இவற்றை வெறும் கருவியாகக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொரு தொடரும் எழுத்து எது, சொல் எது என்பது பற்றிய ஒரு முடிவாகும்.

இலக்கண நோக்கில் ‘கி’ என்பது க், இ ஆகியவற்றின் சேர்க்கை. ஒருங்குறியிலோ அது ககரமும் இகரக் குறியுமாகிய இரு குறியீடுகள்; ‘க்’ என்பதும் ககரமும் புள்ளியுமே. எனவே ‘க’ எனத் தேடினால் க், கா, கி ஆகியனவும் அகப்படும். பைத்தானின் ‘ரீ’ நூலகத்தில் சொல்லெழுத்தைச் சுட்டும் குறி, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் ஏற்பதில்லை. அதனால் ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’, ‘ழ’ எனச் சிதைகிறது. ‘கொ’ என்பதன் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளின் இணையாகவும் அமையலாம். பாடத்தை முன்னரே ஒருமைப்படுத்தாவிடில் ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றது கிட்டாது.

உருபைப் பிரிப்பதிலும் இடர் உண்டு. ஐகார ஈற்றையெல்லாம் இரண்டாம் வேற்றுமை உருபெனக் கொண்டு நீக்கினால், ‘மரத்தை’ என்பதோடு ‘மலை’ என்பதும் குறைபடும். இத்தகைய பிழைகள் எவ்வித எச்சரிக்கையுமின்றிச் சொல்லடைவிலும் நிகழ்வெண்ணிலும் புகுந்துவிடுகின்றன.

பாடவேறுபாடுகளைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காட்டுதல் மரபு. அவ்வாறே, பயன்படுத்திய தொடர்களையும் மாற்றங்களுக்கு முந்தைய பாடத்தையும் ஆய்வாளர் முடிவுகளோடு வெளியிடுதல் வேண்டும். அவையின்றி எண்ணிக்கையைச் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாத எண்ணிக்கை சான்றாகாது.