கரைக்கு அடியில் என்ன மண்?

கண்மாய்க்கரை மராமத்து என்றவுடன் உயரத்தையும் அகலத்தையும் பற்றியே பேசுகிறோம். அடிமண்ணைப் பற்றிக் கேட்பார் இல்லை.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி குஜராத்தின் கட்சுப் பகுதியில் நிகழ்ந்த பூகம்பத்தில் சாங் என்னும் மண் அணை ஏறக்குறைய முழுதும் சரிந்தது. தப்பர், சிவலகா முதலிய அணைகளும் பிளந்து சேதமுற்றன. அவற்றின் கீழிருந்தது ஆற்று வண்டல். நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது, மணிகளிடையே அடைபட்ட நீரின் அழுத்தம் ஏறி, மணல் கூழாக இளகிவிடுகிறது. நீர்ப்பக்கத்து அடிமண்ணே நனைந்திருந்தபடியால் சரிவும் பெரும்பாலும் அப்பக்கமே நேர்ந்தது. மழை பொய்த்து அணைகளில் நீர் குறைந்திருந்ததால் வெள்ளம் எழவில்லை. அதுவும் ஒரு அதிர்ஷ்டந்தான்!

கெங்குவார்பட்டிக்கு அத்தகைய பூகம்பம் வருமென்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆயினும் மலையடிவாரத்து மண் ஒரே சீரானதன்று. ஒரே கரையின் ஒரு முனை பாறைமேலும், நடுப்பாகம் பழைய ஓடை மணல்மேலும், மறுமுனை களிமண்மேலும் அமையக்கூடும். பாறை இளகாது, கெட்டிக் களியும் எளிதில் இளகாது. ஓடை மணலே பலவீனம். பூகம்பமில்லாத காலத்திலும் கரைக்கு அடியில் நீர் கசிய வழிவிடுவது அதுவே. கரை உடைந்தால் பயிர் மட்டுமா போகும்? தறியில் ஏற்றிய பாவும் நனையும்.

ஆகவே, மராமத்து எஸ்டிமேட்டில் கரையை உயர்த்தும் செலவுக்கு முன்பாக, பல இடங்களில் துளையிட்டு அடிமண்ணைச் சோதிக்கும் செலவு சேர்க்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஓரிடத்துச் சோதனை போதாது. உடைப்பை வெறும் மணலால் அடைத்துக் கணக்கை முடிப்பதையும் அங்கத்தினர்கள் ஒப்பலாகாது.