மீன் தொட்டிக்கு மெதுவாக வளரும் செடியே போதும்



லீவு விட்டதும் பிள்ளைகள் அடம்பிடித்து மீன் தொட்டி வாங்கிவிடுகிறார்கள். அடுத்த நாளே எனக்கு போன்: "சார், பிளாஸ்டிக் செடி வேண்டாம். அதே சமயம் தினமும் பார்த்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. என்ன செடி வைக்கலாம்?" நாய்க்குப் பேர் போன ராஜபாளையத்தில் மீனுக்கு இத்தனை பேர் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

கடையில் "சீக்கிரம் வளரும் சார்" என்று ஒரு கட்டை நீட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். மெதுவாக வளரும் செடிதான் நல்ல செடி என்பது என் கட்சி.

முதலில் அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்கச் செடி. அடுத்தது ஜாவா ஃபெர்ன், தென்கிழக்கு ஆசியாவின் பெரணி. இரண்டுக்கும் மண்ணே வேண்டாம். ஒரு கல்லிலோ கட்டையிலோ தையல் நூலால் கட்டி இறக்கிவிட்டால் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். தடித்த தண்டை மட்டும் மணலுக்குள் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். இலை தடிப்பாக இருப்பதால் கோல்டு ஃபிஷ்கூட பெரும்பாலும் சீண்டாது. மணலில் நடத்தான் ஆசை என்றால் கிரிப்டோகோரைன். அதில் வெண்ட்டியை என்ற வகை இலங்கைக்காரச் செடி, நம் வெக்கையைத் தாங்கும். இடம் மாறியதும் இலையெல்லாம் கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், சில வாரத்தில் துளிர்க்கும்.

உரம், கேஸ் சிலிண்டர் எதுவும் வேண்டாம். மீன் கழிவே உரம். விளக்கு ஆறேழு மணி நேரம் போதும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் பாசிதான் வளரும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள், குளோரின் போய்விடும்.

சீக்கிரம் வளரும் செடி ஏன் வேண்டாம்? தொட்டி நிறைந்ததும் வெட்டியதை எங்கே போடுவீர்கள்? வாளியோடு கண்மாய்க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்கென்று வந்த ஆகாயத்தாமரை நம் கண்மாய்களை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். கடையில் கட்டுக்கட்டாக விற்கும் கபோம்பாவும் அமெரிக்கச் சரக்குதான். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, ஜனங்கள் படம் எடுக்கக் கூடினார்களே, அது கபோம்பாவில் ஒரு வகை. ஒரு துண்டுத் தண்டு போதும், புதிதாக வேர்விட்டுவிடும்.

நம் ஊர்ச் செடியும் வெளியூர் போனால் இதே கதைதான். முகவையில் போட்டு, புனலைக் கவிழ்த்து, வெயிலில் வைத்து ஆக்சிஜன் குமிழி பார்த்தோமே, ஹைட்ரில்லா, ஞாபகம் இருக்கிறதா? 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அதைக் கொண்டுபோனார்கள். கால்வாயில் கொட்டியது ஏரிகளையெல்லாம் அடைத்துவிட்டது. இன்றுவரை அதை ஒழிக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

அதனால் வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள். சாக்கடையில்கூட வேண்டாம், அதுவும் கடைசியில் கண்மாய்க்குத்தான் போகிறது. மீனையும் கண்மாயில் விடாதீர்கள்.

இன்னொன்று, காசு கொடுப்பானேன் என்று செண்பகத்தோப்பு ஓடையில் செடி பறிக்கும் யோசனையும் வேண்டாம். அது 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கு வாலிஸ்னேரியா ஒத்துப்போகும். நீளநீளமாக, புல் மாதிரி இருக்கும். அது கொஞ்சம் கன்று விட்டுப் பரவும், மாதம் ஒருமுறை களைய வேண்டும். என் தொட்டியில் களைந்தது இப்போது ஒரு வாளி நிறைய இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஈரத்துணியும் ஒரு பையும் கொண்டு வாருங்கள்.