குறுமகிழுந்துகளும் சிறு பட்டறைகளும்

கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் 1952ஆம் ஆண்டில் இருவர் அமரத்தக்க பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார் என்பதும், அதன் விலை 2,000 ரூபாயே என்பதும், அரசு உரிமம் தர மறுத்தமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று என்பதும் நம்மவர் பலரும் மேடைகளில் கேட்டறிந்த செய்திகளே. உரிமம் கிடைத்திருந்தால் தமிழகம் உலகை வென்றிருக்கும் என்று முடிப்பது பேச்சாளர் வழக்கம். கைதட்டலும் உறுதி. ஆனால் அவ்வளவு எளிதில் முடித்துவிடத்தக்க செய்தி அன்று இது என்பது என் கருத்து.

அதே காலத்து ஐரோப்பாவை நோக்குவோம். போரால் நலிந்த நாடுகளில் பெரிய வண்டி வாங்க மக்களிடம் பணமில்லை. குளிர்பதனப் பெட்டி செய்துவந்த இத்தாலியின் ஈசோ நிறுவனம், முன்புறமே கதவாகத் திறக்கும் முட்டை வடிவ ‘இசெட்டா’வை 1953இல் வெளியிட்டது. போர் விமானங்களால் பெயர் பெற்ற ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட், விமானம் செய்யத் தடையிருந்த நாளில், ஒருவர் பின் ஒருவராக அமரும் மூன்று சக்கர வண்டியைச் செய்தது. மான் தீவிலிருந்த பீல் நிறுவனம் 1962இல் செய்த பி50 வண்டிக்குப் பின்னோக்கிச் செல்லும் கியரே இல்லை; இறங்கி, பின்னாலுள்ள கைப்பிடியைப் பற்றித் தூக்கித் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்!

இவற்றுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. 1957இல் ஃபியட் 500, 1959இல் மினி எனப் பெரிய நிறுவனங்களின் முழுமையான சிறுகார்கள் வந்ததும் வாங்குவோர் அப்பக்கம் சாய்ந்தனர். அங்கே தீர்ப்பளித்தவர்கள் வாங்குவோர். இங்கே 1951ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகம். நாயுடுவின் வண்டி விலைபோயிருக்குமா என்று இன்று எவராலும் கூறவியலாது. அவர் இழந்தது வெற்றியை அன்று, சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையே.

அவ்வாய்ப்பைப் பெற்ற ஒருவர் நம் எல்லைக்கு அப்பாலேயே இருந்தார். பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் எழுபதுகளில் கண்ணாடியிழை உடலுடன் ‘பாதல்’ என்னும் மூன்று சக்கர வண்டியையும், 1982இல் ஆங்கிலேய ரிலையன்ட் கிட்டனைத் தழுவி ‘டால்பின்’ வண்டியையும் செய்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எஃகு உடல், ஊர்தோறும் பழுதுநீக்கும் நிலையம், தட்டின்றி உதிரிப்பாகம் ஆகியவற்றின்முன் சிறு நிறுவனம் நிற்கவியலவில்லை. உரிமம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பெரிய நிறுவனமான டாடாவின் நானோவே 2018இல் நின்றுபோயிற்று.

இதனை ஏன் தமிழ்த்துறை மலரில் எழுத வேண்டும்? நாட்றாம்பாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களின் இளைஞர்க்கு ஓசூர்த் தொழிற்பேட்டையே வாழ்வு. அங்குள்ள சிறு பட்டறைகள் பிறர் தந்த வரைபடத்தின்படி பிறர் வண்டிக்கு உறுப்புச் செய்வன. சொந்தமாக ஒரு முழுப்பொருளைச் செய்து பார்த்தவர் அவர்களுள்ளும் இருப்பர்; அவர்கள் வரலாறு எழுதப்படுவதில்லை. நம் மாணவர் விடுமுறையில் அத்தகைய பட்டறைக்குச் சென்று, செய்து பார்த்துக் கைவிட்ட பொருள் யாது எனக் கேட்டு எழுதிவருதலைக் களப்பணியாக வைக்கலாம். ‘உரிமம் கிடைத்ததா?’ என்பதோடு நில்லாமல், ‘கடன் யார் தந்தார்? பழுதானால் உதிரிப்பாகம் எங்கே கிடைத்தது?’ என்பவற்றையும் அவர்கள் கேட்டு வரட்டும்.