தொண்டு செய்யக் கப்பலேற வேண்டுமா?

பிற தேசத்துக் கிராமங்களுக்குப் போய் அங்குள்ள ஜனங்களுக்குச் சுகாதாரம் போதித்து வர வேண்டும் என்ற ஆவல் நம் கல்லூரி வாலிபர்கள் சிலரிடம் தோன்றியிருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கும் நேபாளத்துக்கும் இரண்டு வாரம், நான்கு வாரம் என்று தவணை வைத்து அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. தொண்டு செய்யப் போகிறவரிடமே கட்டணம் வசூலிப்பது இக்கம்பெனிகளின் விசேஷம். மேல்நாட்டு வாலிபர்களும் இவ்வாறே நம் நாட்டுக்கு வந்து, பள்ளிச் சிறுவர்களுக்குக் கை கழுவும் முறையைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்பதற்குள் மூட்டை கட்டுகிறவர் எதைப் போதித்திருக்க முடியும் என்பதே நம் கேள்வி.

அந்நியர் வந்து செய்த உண்மையான தொண்டை நாம் கண்டிருக்கிறோம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே லக்ஷியம் என்று தீர்மானித்ததை நேயர்கள் அறிவார்கள். அதே வருஷத்தில், அதே செங்கற்பட்டு ஜில்லாவில், மதுராந்தகம் பக்கத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்தவர்கள் ஒரு தொழுநோய் நிலையத்தை ஆரம்பித்தார்கள். ஆவடித் தீர்மானம் சரித்திரப் பாடத்தில் ஏறியது; பொலம்பாக்கம் ஏறவில்லை.

அந்நிலையத்தை நடத்திய டாக்டர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ் அதற்குமுன் காங்கோவில் பல வருஷங்கள் உழைத்தவர். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தேடி வந்தால் ஊரார் கண்ணில் பட்டு விலக்கப்படுவோமே என்று நோயாளி அஞ்சிய காலம் அது. ஆகவே வைத்தியரே கிராமங்களுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்க நோயாளியின் கையைப் பற்றி, மரத்துப்போன தோலைத் தொட்டுப் பரீக்ஷித்து, மாத்திரை கொடுத்தார். வீட்டில் இருந்தபடியே இந்நோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்பதை ஊர் ஜனங்கள் கண்ணாரக் கண்டார்கள். ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் இதற்கு ஈடாகுமா? அவருடன் பணிபுரிந்து, அவருக்குப்பின் பொறுப்பேற்ற டாக்டர் கிளேர் வெல்லூட் அம்மையார் இந்தியப் பிரஜையாகவே ஆகிவிட்டார். தவணை வைத்து வந்தவரல்லர் அவர்.

1961 முதல் 1976 வரை இந்தியாவில் வேலை செய்த அமெரிக்கச் சமாதானப் படையை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னே இருந்த ராஜதந்திரம் நாம் அறியாததல்ல. ஆயினும் அந்தத் தொண்டர்களுக்குப் பாஷைப் பாடத்துடன் பயிற்சி தந்தார்கள். அதன்பின் இரண்டு வருஷச் சேவை என்று விதித்தார்கள். பாஷையும் காலமும் இல்லாமல் போதனை இல்லை என்பதை அவர்கள்கூட உணர்ந்திருந்தார்கள்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலும் ஒடிஸா, பீஹார், வங்காளம் முதலிய மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் ஒரே அறையில் பலராய் நெருங்கி வசிக்கிறார்கள். க்ஷயரோகம் பரவுவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இவையெல்லாம் சுவரில் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒடிஸாக்காரனுக்கு அந்த எழுத்து வெறும் கோலம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் அவன் மருந்தை நிறுத்திவிடுகிறான். அல்லது ஊருக்கு ரயிலேறிவிடுகிறான். பாதியில் விட்ட மருந்துக்குப்பின் நோய் முன்னிலும் முரடாகித் திரும்பக்கூடும். அந்த அறையில் உடன் தூங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வோட்டில்லை. ஆகையால் எந்தக் கட்சியின் தொண்டரும் அவர்கள் கதவைத் தட்டுவதில்லை. ஒரே தேசம் என்று மேடையில் முழங்குகிற நண்பர்களுக்கும் இதைச் சொல்கிறோம்.

ஒடியாவும் ஹிந்தியும் நம் தொண்டர்கள் படிக்க வேண்டுமா என்று சிலர் சீறக்கூடும். பாஷைச் சண்டையை இதில் இழுக்க வேண்டாம். யாரும் யார்மீதும் எதையும் திணிக்கவில்லை. நோயாளிக்குப் புரியும்படி பேசுவது வைத்தியத்தின் பகுதி, அவ்வளவே.

இவ்வேலைக்குப் பூந்தமல்லி பழகிய நிலம். 1930-களில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு மாதிரிச் சுகாதார வட்டம் நடந்த ஊர் அது. சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஸ்தாபனம் மாலை வகுப்பொன்றை நடத்தட்டும். மூன்று மாதம் சுகாதாரமும் ஒரு வடநாட்டுப் பாஷையும் கற்பிக்கட்டும். தொழிலாளிகளிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைப் பொறுக்கிச் சேர்த்து, அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கட்டும். செலவைச் சென்னை, ஆவடி மாநகராட்சிகள் ஏற்கட்டும். ஷிப்ட் முடியும் நேரத்தில் தொண்டர்களை உள்ளே விட ஆலை முதலாளிகள் மறுப்பார்களானால், அவர்கள் பெயரை வெளியிடுவதில் நமக்குத் தயக்கமில்லை.

கல்லூரி வாலிபர்கள் இந்த வகுப்புக்கு வரட்டும். அம்பத்தூருக்குப் பஸ் கட்டணம் அதிகமில்லை. ஒரு வருஷம் அங்கே உழைத்தபின்பும் ஆப்பிரிக்காவுக்குப் போக விரும்புகிறவர் தாராளமாகப் போகட்டும்; போகுமிடத்துப் பாஷையைப் படித்துக்கொண்டு, இரண்டு வருஷமாவது தங்கும் உறுதியோடு போகட்டும்.