சிதம்பரத்துக்குப் பசிக்குது பாஸ்!

'அசுரன்' (2019) பார்த்து விசிலடிச்ச கோஷ்டியா நீங்க? அப்ப அதோட மூலக்கதை, பூமணி எழுதின 'வெக்கை'யையும் (1982) கொஞ்சம் புரட்டுங்க. மனுஷர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். எங்க தாயில்பட்டிக்கும் அதே வெயில்தான்!

படத்துல அப்பா தனுஷ்தான் ஹீரோ. அவருக்குனு பெரிய ஃப்ளாஷ்பேக்கே வெச்சார் வெற்றிமாறன். நாவல்ல 15 வயசுப் பையன் சிதம்பரம்தான் எல்லாம். அண்ணனைக் கொன்னவனை வெட்டிட்டு, அய்யாவோட காடுமேடெல்லாம் ஒளிஞ்சு திரியறான். வேற எழுத்தாளரா இருந்தா ஒண்ணு மாலை போட்டிருப்பாங்க, இல்ல அட்வைஸ் பண்ணியிருப்பாங்க. பூமணி ரெண்டும் செய்யல. பையனுக்குப் பசிக்குது, ஆத்தா ஞாபகம் வருது, அய்யாகூடச் சமைச்சுச் சாப்பிடுறான். கொலை பண்ணவன்ங்கிறதே நமக்கு மறந்துபோகுது. நடுவுல வந்து 'ஐயோ பாவம்' சொல்லாமலே இவ்வளவு பாசமா!

சிதம்பரம் கையில வெடிகுண்டும் இருக்கு. மருந்து வாசத்துலயே வளர்ற எங்க ஊர்ப் பசங்களுக்கு அந்த இடம் சும்மா த்ரில் இல்ல. வெடிவிபத்துனா நியூஸ்ல 'இத்தனை பேர்'னு நம்பர் வரும். அந்த ஆளோட தூக்குச்சட்டியில அன்னிக்கு என்ன சோறு இருந்துச்சுனு வராது. பூமணி அதைத்தான் முதல்ல எழுதுவார்.

சின்ன நாவல்தான். ஸ்டடி லீவுலயே முடிச்சிரலாம் (ஹி..ஹி..).