கப்பலில் தங்கம் மட்டும்தானா?



"கடலுக்கு அடியில் தங்கக் கப்பல்" என்று பேப்பரில் செய்தி வந்தால் நாம எல்லாரும் முதலில் தேடுவது ஒன்றைத்தான். எத்தனை கோடி? சான் ஹோசே என்ற ஸ்பெயின் கப்பலைப் பற்றியும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தென் அமெரிக்காவில் இருந்து தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அந்தக் கப்பல், 1708-ல் கொலம்பியா நாட்டுக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு நடந்த சண்டையில் மூழ்கியது. அதில் ஏறக்குறைய 600 பேர் இருந்தார்கள். பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2015-ல் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து கொலம்பியா ஒரு பக்கம், ஸ்பெயின் ஒரு பக்கம், ஒரு அமெரிக்கக் கம்பெனி ஒரு பக்கம் எனக்கு உனக்கு என்று நிற்கிறார்கள். பொலிவியாவில் வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய வேலை செய்தவர்களின் வழிவந்த மக்களும் உரிமை கேட்கிறார்கள். எனக்கு இவர்கள் கேட்பதுதான் நியாயமாகப் படுகிறது. தோண்டினவங்க அவங்கதானே!

ஆனால் நான் சொல்ல வந்தது பங்குச் சண்டையை அல்ல. 2025 நவம்பரில் அந்தக் கப்பலில் இருந்து முதல்முதலாகச் சில பொருள்களை மேலே எடுத்தார்கள். ஒரு பீரங்கி, சில காசு, அப்புறம் ஒரு பீங்கான் கோப்பை. ஆமாம், பீங்கான்! நம்ம விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மரத்தைக் கடல்புழு அரித்துவிடும். இரும்பு துருப்பிடித்துப் பாறை மாதிரி ஆகிவிடும். சூளையில் நன்றாக வெந்த பீங்கான் 300 வருஷம் உப்புத் தண்ணியில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். செராமிக் பேட்டைப் பக்கம் உடைந்து கிடக்கிற ஃபியூஸ் கேரியரும் கொலு பொம்மைத் தலையும் மழையில் கரைந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? எந்த ஊரில் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது என்பதை உடைந்த ஓட்டை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிடுவார்கள். தங்கத்தை உருக்கிவிட்டால் அது எந்த ஊர்த் தங்கம் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் என் கருத்து இதுதான். மூழ்கின கப்பலைப் புதையல் என்று நினைத்துத் தேடக் கூடாது. அதைப் படிக்க வேண்டும். அதுவும் கடலில் இறங்குவதற்கு முன்னாடியே படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

அட்டோச்சா என்று இன்னொரு ஸ்பெயின் கப்பல். 1622-ல் அமெரிக்காவின் புளோரிடா பக்கம் புயலில் மூழ்கியது. மெல் ஃபிஷர் என்பவர் அதை வருஷக்கணக்காகத் தேடினார். தேடும்போது 1975-ல் படகு கவிழ்ந்து அவருடைய மகனும் மருமகளும் இறந்துபோனார்கள். ஆனால் அவருக்குச் சரியான வழி காட்டியது முக்குளிப்பவர் யாரும் இல்லை, யூஜின் லயன் என்ற வரலாற்று ஆராய்ச்சியாளர். ஸ்பெயினில் செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைப் புரட்டி, கப்பல் மூழ்கியது நீங்கள் தேடுகிற தீவுப் பக்கம் இல்லை, வெகு தூரம் தள்ளி மார்க்கேசாஸ் தீவுகள் பக்கம் என்று காட்டினார். 1985-ல் அங்கேதான் கிடைத்தது. கிடைத்த பிறகு என்ன செய்தார்கள்? பணம் போட்டவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள், நிறைய விற்றும் போனது. இனிமேல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. இது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

சரி, ஸ்பெயின் கதை நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். நமக்குப் பக்கத்திலேயே பூம்புகார் கடலில் ஒரு கப்பல் கிடக்கிறது! கோவாவில் இருக்கிற தேசிய கடலியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆய்வு செய்தது. சுமார் 19 மீட்டர் ஆழம். அதில் கிடைத்தது தங்கம் இல்லை, ஈயக்கட்டிகள். சில கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷமும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பிளாக்கெட் என்பது இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அப்படியென்றால் அந்தக் கப்பல் 1792-க்கு முன்னால் மூழ்கியிருக்க முடியாது, ஈயம் இங்கிலாந்தில் இருந்து வந்தது என்று அந்தக் கட்டியே நமக்குச் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். கடலில் எத்தனை நாட்டுக் கப்பல் போய் வந்திருக்கும்!

இப்போது அதே கட்டி காயலான் கடைக்குப் போயிருந்தால்? கிலோ இவ்வளவு என்று எடை போட்டிருப்பார்கள். உருக்கி வலைக்கு ஈயக்குண்டு பண்ணியிருப்பார்கள். பெயரும் போச்சு, வருஷமும் போச்சு.

இதற்கு மீனவர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. கடலுக்கடியில் எது எங்கே கிடக்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். வலை எங்கே மாட்டும், எங்கே கிழியும் என்று அவர்கள் மனசிலேயே கணக்கு வைத்திருப்பார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாய என்ற ஊரில், 2003-ல் முக்குளிக்கும் மீனவர்கள்தான் ஒரு பழைய கப்பலைக் கண்டார்கள். அது சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தையது என்று பிறகு தெரிந்தது. கண்ணாடிக் கட்டிகளும் மண்பாண்டங்களும் அதில் இருந்தன. ஸ்பெயினுக்கு செவில் தாள்கள் என்றால் நமக்கு மீனவத் தாத்தாக்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்துத் தாள்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அது மண்ணில் புதைந்திருப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. கடலில் கிழிந்த வலைக்கு யார் பணம் தருவார்கள்? "இங்கே ஏதோ கிடக்குது ஐயா" என்று வந்து சொல்கிற மீனவருக்கு வலைக்கான பணத்தையும் ஒரு பரிசையும் கையில் கொடுத்து, அவர் பெயரையும் அகழ்வைப்பகத்தில் எழுதி வைக்க வேண்டும். காயலான் கடைக்காரர் தருவதைவிட அரசாங்கம் ஒரு ரூபாயாவது அதிகம் தரட்டுமே.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூம்புகாரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. சிதம்பரம், சீர்காழி வழியாகக் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இந்த வருஷச் சுற்றுலாவை அங்கே வைத்தால் என்ன? போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி அடுத்த இதழை நிரப்பிவிடுகிறோம். பேர் எழுதும் நோட்டில் முதல் பேர் என்னுடையது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி