ஜாலியன் வாலாபாக்: அந்தச் சந்தை வெறுமையாக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் அநேகமாக எல்லோரும் பக்கத்திலேயே இருக்கும் ஜாலியன் வாலாபாக்கையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். சென்ற மாதம் நானும் போயிருந்தேன். 2021-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு அந்த இடம் இருக்கும் கோலத்தைப் பார்த்து மனம் கொதித்துப்போய் இதை எழுதுகிறேன்.

முக்கியமாக, உள்ளே நுழையும் அந்தச் சந்து. 1919 ஏப்ரல் 13, பைசாகித் திருநாளன்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் அதன் வழியாகத்தான் சிப்பாய்களோடு உள்ளே வந்தார். இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளும் கூடவே வந்திருந்தன. சந்து குறுகல் என்பதால் அவை வெளியிலேயே நின்றுவிட்டன. உள்ளே வர முடிந்திருந்தால் அவற்றையும் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்று பின்னர் அந்தப் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். அங்கே கூடியிருந்த மக்கள் மீது பத்து நிமிடம் போல நடந்த துப்பாக்கிச் சூட்டில் தீர்ந்தவை 1,650 குண்டுகள். செத்தவர்கள் 379 பேர் என்றது அரசு. ஏறத்தாழ ஆயிரம் என்றது காங்கிரஸ். சுற்றிலும் மதில்கள், தப்பி ஓட வழியில்லை. எந்தப் பலகையும் இல்லாமலே இத்தனையையும் நமக்கு உணர்த்தக்கூடியவை அந்தச் சந்தின் குறுகலும் மொட்டைச் செங்கல் சுவர்களும்தான்.

இன்று அதன் இரு பக்கமும் புடைப்புச் சிற்பங்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகத் திருவிழாவுக்குப் போவதுபோலப் போகிறார்கள். சில முகங்களில் புன்னகை வேறு. எனக்கு முன்னால் சென்ற இளைஞர்கள் ஒரு சிற்பத்தின் தோளில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிலையை நிறுத்தினால் படம் எடுக்கத்தான் செய்வார்கள். உயிர் தப்ப மக்கள் குதித்து மாண்ட கிணற்றையோ கண்ணாடிக்குள் அடைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒலி-ஒளிக் காட்சி.

சிதையும் செங்கல்லைச் செப்பனிட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. குண்டு துளைத்த தடங்களுக்கு வெள்ளைக் கட்டம் போட்டுக் காட்டியிருப்பதைக்கூட ஏற்கலாம். 1951-இல் சட்டம் இயற்றித் தேசிய நினைவிடமாக்கியது நடந்ததை நடந்தபடி பாதுகாக்கத்தானே? அழகுபடுத்த அங்கே என்ன இருக்கிறது?

பஞ்சாபில் நடப்பதைப் பற்றி உனக்கென்ன என்று யாரும் கேட்க வேண்டாம். விசாரணையின்றிச் சிறையிலடைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்கு உதித்தது, அவர் சென்னையில் ராஜாஜியோடு தங்கியிருந்தபோதுதான். அந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாகவே அமிர்தசரஸில் தலைவர்கள் கைதானார்கள், துப்பாக்கிச் சூடும் நடந்தது.

நினைவிட அறக்கட்டளைக்குத் தலைவர் பிரதமரே. எனவே அவருக்கும், மத்திய கலாசார அமைச்சகத்துக்கும் தங்கள் இதழ் வழியாக இந்த வேண்டுகோளை வைக்கிறேன்: சந்துச் சுவரிலிருந்து சிற்பங்களை அகற்றுங்கள். காட்சிக்கூடத்தில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஒலி-ஒளிக் காட்சியை நிறுத்துங்கள். இனி அங்கே ஒரு கல்லைத் தொடுவதென்றாலும், இறந்தவர்களின் வாரிசுகளையும் வரலாற்றாசிரியர்களையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி